ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் இடையில்

ஜூலை 6, சனி

மாமாவின் கட்டிலைக் கழுவி முற்றத்து வெயிலில் சாய்த்து வைத்தோம். மாமாவை நேற்று எரித்தாகிவிட்டது. இன்று காலை ஆண்கள் சுடலைக்குப் போய்ச் சாம்பல் அள்ளிக்கொண்டு வந்தார்கள். வந்த சனத்துக்கு மாமாவின் மகள் பவா சோறு போட்டாள். நான் கோப்பை கழுவினேன். கழுவுவதற்கு நிறைய இருந்தது நல்லதாகப் போயிற்று.

இளைய மகன் நேசன் கனடாவிலிருந்து வந்து சேரும்வரை உடலை வீட்டில் வைத்திருந்தோம். கொள்ளி வைத்தது அவன்தான். கிரியை தொடங்கும்போது ஐயர், "மூத்தவர் ஆர், முன்னுக்கு வாங்கோ" என்றார். சடங்கில் கேட்கிற கேள்விதான். யாரும் அசையவில்லை. பிறகு நேசன் சால்வையைச் சரிசெய்துகொண்டு முன்னுக்குப் போனான். மாமி அவனைப் பார்க்காமல் வாசல் படலையைப் பார்த்தார்.

நேற்று வெள்ளிக்கிழமை. சைக்கிளுக்கு ஒருவரும் காற்று அடிக்கவில்லை.

ஜூலை 8, திங்கள்

நாளை எட்டாம் நாள், எட்டுச் செலவு. மாமாவுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைக்க வேண்டும். கத்தரிக்காய் வாங்கியாயிற்று. முருங்கைக்காய் பவா கோப்பாயிலிருந்து கொண்டு வருவாள்.

கல்வெட்டு வேலையை என்னிடம் தந்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பிக்கிறவள் வீட்டிலேயே இருக்க வெளியாளிடம் ஏன் கொடுப்பது என்றான் நேசன். சரிதான்.

அவனுடைய மகள் அனிஷா டொரொன்டோவிலிருந்து வீடியோவில் வந்தாள். "பெரியம்மா, கல்வெட்டு எண்டா கல்லிலையோ வெட்டுறது?"

"இல்லையம்மா. சின்னப் புத்தகம். அப்பப்பான்ரை படம், அவற்றை வரலாறு, வம்சாவளி, தேவாரம். பிறகு எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் அவரை நினைச்சு அழுது பாடுறது. முதல் அப்பம்மா, பிறகு பிள்ளையள் மூத்ததிலை இருந்து, பிறகு மருமக்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வாறாக்களுக்குக் குடுக்கிறது."

"எனக்கும் ஒரு பக்கமோ?"

"உனக்கும் தம்பிக்கும் சேர்த்து ஒண்டு."

"செத்த வீட்டிலையும் அவனோடை ஷெயார் பண்ண வேணுமோ!" என்றாள். நேசன் சிரித்தான். வந்த பிறகு அவன் சிரித்து இன்றுதான் கண்டேன்.

பின்னேரம் வம்சாவளியைத் தட்டினேன். கந்தப்பு தில்லையம்பலம். அதன்கீழ் மூன்று கோடு. முதற் கோட்டின் அடியில் மூத்தவரான குகனின் முழுப்பெயரை, குகநேசன் என்று, தட்டினேன். கணவன் மனைவிக்கு நடுவில் கூட்டல் குறி போடுவது வழக்கம். கூட்டல் குறி போட்டு என் பெயரைத் தட்டினேன். வற்சலா.

நேசன் என் தோளுக்குப் பின்னால் நின்றான். "அண்ணி, அண்ணான்ரை பேருக்கு முன்னாலை 'காலஞ்சென்ற' எண்டு போடுவமே?"

மெதுவாகத்தான் சொன்னான். குசினிக்குள் இருந்த மாமிக்கு எப்படிக் கேட்டதோ தெரியாது. அகப்பையோடு வந்து நின்றார்.

"ஆர் செத்தது?"

"அம்மா, பதினைஞ்சு வருசமாப் போச்சு."

"வருசத்தை ஆர் உன்னட்டைக் கேட்டது? நான் என்ரை பிள்ளைக்கு வாய்க்கரிசி போட்டனானோ? ஆரும் கண்டதோ? கண்டனான் எண்டு சொல்லுறவன் ஒருத்தனைக் கூட்டிக்கொண்டு வா. பிறகு போடு, காலஞ்சென்றதோ கோலஞ்சென்றதோ."

"அப்பாவும் போட்டார். இனியாவது உண்மையை ஒத்துக்கொண்டால் அண்ணிக்கும் ஒரு..." நேசன் முடிக்கவில்லை.

நான் கோப்பைச் சேமித்து மூடினேன். கத்தரிக்காயை நாளைக்கு நீளமாக வெட்டுவதா வட்டமாக வெட்டுவதா என்று மாமியிடம் கேட்டேன்.

ஜூலை 10, புதன்

பள்ளிக்கூடம் போனேன். பத்தாம் ஆண்டுக்கு இன்று பக்க இலக்கம் இடுதல். பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

ஜூலை 12, வெள்ளி

அச்சகத்துக்குப் போனேன். ஸ்டான்லி வீதியில், மாடிப்படிக்கு அடியில். முதலாளி றஞ்சன் அண்ணை வாய்க்காரர். "வாங்கோ டீச்சர். கலியாணக் கார்ட்டோ, கல்வெட்டோ?" என்றவர் என் முகத்தைப் பார்த்து, "இருங்கோ, தேத்தண்ணி குடியுங்கோ" என்றார்.

பக்கங்கள் நாலின் மடங்காக வரவேண்டுமாம். இலக்கம் கட்டாயம் வேண்டுமாம். "இலக்கமில்லாட்டி மடிக்கிற பெடியள் திருவாசகத்தைக் கொண்டுபோய் நன்றி நவிலலுக்குப் பிறகு வைச்சுப் போடுவாங்கள். பிறகு சனம் என்னைத்தான் பாடும்."

புலம்பல் எழுத ஆளில்லாதவர்களுக்கு அவரிடம் தயாராகவே பாட்டுகள் இருக்கின்றன. ஒரு பழைய புலவர் எழுதிக் கொடுத்தவை. மனைவிக்கு ஏழு, மூத்த மகனுக்கு ஐந்து, மருமகளுக்கு மூன்று என்று கணினியில் உறவுவாரியாக அடுக்கி வைத்திருக்கிறார். "பேரை மாத்தினாச் சரி. அழுகை ஒண்டுதானே டீச்சர்."

எனக்கு நாலு நாளாக ஒரு வரியும் வரவில்லை. மருமகளுக்கான மூன்றில் இரண்டாவதை எடுத்துக்கொண்டேன். பரவாயில்லை, தளை தட்டாத பாட்டு.

"மூத்தவர் வெளிநாட்டிலையோ?" என்று கேட்டார். என் நெற்றியைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருப்பார். பொட்டு இருக்கிறது. நான் பென் ட்ரைவைப் பையிலிருந்து தேடி எடுத்தேன். எடுக்கிற நேரத்துக்குள் அவர் வேறு கதைக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தபோது விறாந்தையில் குகனின் சைக்கிள் முன்சில்லில் கொஞ்சம் பதிந்து நின்றது. ஒவ்வொரு வெள்ளியும் முழுகிவிட்டு வந்து மாமா அதற்குக் காற்று அடிப்பார். யாரும் ஓடாத சைக்கிளுக்கு எதற்கு என்று ஊரில் கேட்டால், "நிண்டாலும் காத்து இறங்கும் தானே" என்பார். வேறு விளக்கம் சொல்லமாட்டார்.

போர் முடிந்து, முகாம் வாசலில் என்னைக் கூட்டிப்போக வந்த அன்றும் அவர் அதிகம் கதைக்கவில்லை. நான் கம்பி வேலியைத் தாண்டி வெளியே வந்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தார். பிறகு என் பையை வாங்கிக்கொண்டார்.

ஜூலை 15, திங்கள்

மாமியின் புலம்பல் ஒன்பதாம் பக்கம். பவா பக்கத்தில் இருந்து கேட்டுக் கேட்டு எழுதினாள். தயார் பாட்டு வேண்டாமென்று மாமி சொல்லிவிட்டார். "அம்பத்திரண்டு வருசம் என்னோடை சண்டை பிடிச்ச மனுசன். அந்தப் புலவருக்கு என்ன தெரியும்?"

பத்தாம் பக்கம் மூத்த மகனுக்கு. அதில்தான் இன்று முழுக்க நின்றோம்.

"அந்தப் பக்கத்தை விட்டிட்டு என்னிலை இருந்து தொடங்குவம்" என்றான் நேசன்.

"மூத்தவன்ரை இடத்திலை நீ ஏறி இருக்கப் போறியோ?"

"அப்ப அண்ணான்ரை பேரிலை நான் ஒண்டு எழுதிவிடட்டோ?"

"அவன் எழுதாததை அவன் எழுதினதெண்டு போடாதை. அவன்ரை பக்கம் கிடக்கட்டும். வந்து எழுதுவான்."

"அச்சடிச்ச பிறகு வந்து எப்பிடி அம்மா எழுதுறது?"

"பேனையாலை" என்றார் மாமி.

நேசன் எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டான். நான் பத்தாம் பக்கத்தை வெறுமையாக விட்டேன். மேலே தலைப்பும் இல்லை. வெள்ளைத் திரை, அடியில் நடுவில் 10 என்ற இலக்கம் மட்டும். இடாப்புக் கூப்பிடும்போது ஒரு பெயருக்குப் பதில் வராமல் வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்ப்பதைப் போல இருந்தது.

அந்த இலக்கத்தை எடுத்துவிட்டால் அந்தப் பக்கத்தைப் பார்க்க என்னால் முடியும் என்று நினைக்கிறேன்.

ஜூலை 17, புதன்

இது பிள்ளைகளுக்கு நான் பிழை பிடிக்கிற விஷயம். நானே செய்தேன். பத்தாம் பக்கத்தின் அடியில் சொடுக்கி, இலக்கத்தைத் தெரிந்து, அழித்தேன். நிமிர்ந்து பார்த்தால் புத்தகம் முழுக்க ஒரு இலக்கமும் இல்லை. மாமாவின் படத்திலிருந்து நன்றி நவிலல் வரை எல்லாப் பக்கமும் பத்தாம் பக்கத்தைப் போல ஆகிவிட்டது. ஒன்றில் அழித்தால் எல்லாவற்றிலும் அழியும். ஒரே கயிற்றில் கட்டியது.

செய்ததை மீட்டு, பத்தாம் பக்கத்துக்கு முன்னும் பின்னும் பிரிவு போட்டேன். அப்படிப் பிரித்தாலும் ஒவ்வொரு பிரிவும் முன்னதோடு இணைந்துதான் இருக்கும். இரண்டு இடத்திலும் இணைப்பைத் துண்டித்த பிறகுதான் நடுப்பக்கத்து இலக்கத்தில் கை வைக்கலாம். முன்பக்கம் துண்டித்தேன். பின்பக்கம் மறந்துபோனேன். அழித்தபோது பதினொன்றிலிருந்து கடைசிவரை போயிற்று. மாமியின் பக்கம்வரை இலக்கம் இருந்தது, அதற்குப் பிறகு ஒருவருக்கும் இல்லை.

மூன்றாம் முறை சரியாக வந்தது. ஆனால் நேசனின் பக்கத்தில் பதினொன்றுக்குப் பதிலாக 1 என்று விழுந்திருந்தது. புதிய பிரிவு தன்பாட்டில் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கிவிட்டது.

நேசன் தேத்தண்ணிக் கோப்பையோடு எட்டிப் பார்த்தான். "கம்பியூட்டரும் சொல்லிப் போட்டுது அண்ணி. இப்ப நான்தான் ஒண்டாம் ஆள்." சிரிக்கப் பார்த்தான். கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, "சின்னனிலை எல்லாத்துக்கும் அவருக்குப் பிறகுதான் எனக்கு. உடுப்பு, புத்தகம், சைக்கிள். அப்பேக்கை எரிச்சலாக் கிடக்கும்" என்றான்.

நான் அமைப்பை மாற்றி, முன் பிரிவிலிருந்து தொடரும்படி விட்டேன். 1 போய் 11 வந்தது.

ஜூலை 18, வியாழன்

மழை இல்லை. உடுப்புத் தோய்த்தேன்.

ஜூலை 21, ஞாயிறு

ஒன்பது, வெறும் பக்கம், பதினொன்று. இலக்கத்தை எடுத்தாலும் அந்தப் பக்கம் எண்ணப்படுகிறது. எண்ணாமல் விடவும் வழியுண்டு. நேசனின் பக்கத்துக்குப் பத்து என்று நானே கொடுத்தால் ஒன்பதும் பத்தும் அடுத்தடுத்து வரும். நடுவில் உள்ளது ஒரு வெறும் தாள், அவ்வளவுதான். எதுவும் குறையாது.

நேசன் அப்படித்தான் செய்யச் சொன்னான். "ஒம்பதுக்குப் பிறகு பதினொண்டு வந்தா அச்சுப் பிழை எண்டு ஆக்கள் சிரிப்பினம்."

நான் திரையில் பக்கங்களை மேலும் கீழும் உருட்டினேன்.

"அண்ணி, நானும் அம்மாவும்தான் கத்திக்கொண்டு இருக்கிறம். நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை. நீங்கள் என்ன நினைக்கிறியள்? அண்ணா இருக்கிறாரோ?"

இத்தனை வருடத்தில் என்னிடம் இதை இப்படி நேராக ஒருவரும் கேட்கவில்லை. காணாமல்போனோர் ஆணைக்குழுக்களில் கேட்டார்கள்தான். அங்கே வேறுமாதிரி. கடைசியாக எங்கே கண்டது, என்ன உடுத்திருந்தார், கையில் என்ன இருந்தது. அதற்கெல்லாம் பதில் இருக்கிறது. மாத்தளன், நீலச் சாரம், தண்ணீர் அள்ள வெள்ளைக் கான். "பங்கருக்குள்ளையே இரும், வாறன்."

"கன்னத்திலை மாவாக் கிடக்கு, துடையும்" என்றேன் நேசனிடம். புட்டுக்கு மா வறுத்துக்கொண்டிருந்தவன்.

அவன் துடைத்துக்கொண்டு போனான். நான் நேசனின் பக்கத்தை 11 ஆகவே விட்டேன்.

ஜூலை 23, செவ்வாய்

பென் ட்ரைவை அச்சகத்தில் கொடுத்தேன். றஞ்சன் அண்ணை கலியாண வேலையில் மூழ்கியிருந்தார். பத்தாம் பக்கத்தைப் பற்றிச் சொல்லத்தான் காத்து நின்றேன். இரண்டு பேர் எனக்கு முன்னால் நின்றார்கள். பாடசாலை பஸ்ஸுக்கு நேரமாயிற்று.

ஜூலை 26, வெள்ளி

தவணைப் பரீட்சை. மண்டபத்தால் வெளியே வந்து பார்த்தபோது றஞ்சன் அண்ணையின் அழைப்பு இரண்டு தரம் வந்திருந்தது. திரும்ப எடுத்தேன், அவர் எடுக்கவில்லை.

சைக்கிளின் இரண்டு சில்லும் காற்று இறங்கி இருந்துவிட்டன. பின்சில்லின் றிம் நிலத்தில் முட்டுகிறது.

ஜூலை 30, செவ்வாய்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தால் வந்து கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். அச்சகத்துப் பெட்டிகள் மத்தியானமே வந்துவிட்டன. உள்ளே பவா ஒன்றைப் பிரித்து மாமிக்கு உரத்து வாசித்துக்கொண்டிருந்தாள். மாமியின் புலம்பல் முடிந்தது. பக்கம் புரளும் சத்தம். பிறகு பவாவின் குரல், வாசிக்கிற வேகத்திலேயே:

"தோளில் எனைச்சுமந்த அப்பா, உமைத் தோளில் சுமந்துவந்து தீயிட்டேன்..."

அங்கே நின்றுவிட்டது.

நான் ஈரக் காலோடு உள்ளே போனேன். பவாவின் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். பத்தாம் பக்கம். மேலே பூவேலை. 'மூத்த மகன் குகநேசன் புலம்பல்'. நடுவில் எட்டு வரி. அடியில் 10.

மாமி கதிரையின் நுனிக்கு வந்திருந்தார். "உது ஆர் எழுதினது?"

பவா என்னைப் பார்த்தாள்.

"குகன் எழுதினவனோ? எப்ப அனுப்பினவன்? ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?"

"மாமி, அது..."

"தீ வைச்சது தானெண்டு எழுதியிருக்கிறான்." மாமி எழும்பிவிட்டார். "அப்ப வந்தவனே? சுடலைக்கு வந்தவனே? வந்திட்டு என்னட்டை வராமல் போட்டானே பிள்ளை?"

சுடலைக்குப் பெண்கள் போவதில்லை. அன்று அங்கே யார் நின்றார்கள், யார் நிற்கவில்லை என்று மாமி தன் கண்ணால் காணவில்லை. அந்த ஒரு நிமிடம் மாமியின் முகத்தில் இருந்ததை நான் எழுதப் போவதில்லை.

"அச்சகத்திலை போட்டவை மாமி" என்றேன். "அவரிட்டைக் கிடக்கிற பாட்டு. எல்லாருக்கும் போடுறது. வெறும் பக்கத்தைக் கண்டிட்டு, நாங்கள் மறந்துபோனம் எண்டு நினைச்சுப் போட்டிட்டார்."

"அவன் எழுதேல்லை."

"எழுதேல்லை மாமி."

"வரேல்லை."

நான் வாயைத் திறந்தேன். பதினைந்து வருடமாக இந்தச் சொல்லை இந்த வீட்டில் நான் சொன்னதில்லை.

"வரேல்லை" என்றேன்.

மாமி திரும்ப இருந்தார். சீலைத் தலைப்பை மடித்து, விரித்து, மடித்தார். "அப்ப அதை மூடு" என்றார். "என்ரை பிள்ளை பொய் எழுதமாட்டான்."

றஞ்சன் அண்ணைக்கு எடுத்தேன். "இலக்கம் ஒம்பதிலை இருந்து பதினொண்டுக்குப் பாஞ்சு கிடந்தது டீச்சர். ரெண்டு தரம் எடுத்தனான். உங்களுக்கும் எங்கடை பாட்டுத்தானே போட்டது, அவருக்கும் போடச் சொல்ல மறந்திட்டியளாக்கும் எண்டு... நல்லதாத்தான் பாத்துப் போட்டனான். இலக்கத்தையும் ஒழுங்காக்கினனான்." நான் விஷயத்தைச் சொன்னேன். "ஐயோ தங்கச்சி" என்றார். டீச்சர் என்று சொல்லவில்லை. நாளை மறுநாள் அந்தியேட்டி. திரும்ப அடிக்க வழியில்லை.

நேசன் கிழித்துவிடலாம் என்றான். தாளைத் திருப்பிக் காட்டினேன். மறுபக்கம் ஒன்பது. மாமியின் புலம்பல். மகனைக் கிழித்தால் தாயும் போவார்.

ஜூலை 31, புதன்

லீவு எடுத்தேன். ஒட்டுவது என்று முடிவு.

காலையில் கோதுமை மாவில் பசை காய்ச்சினேன். நேசன் வெள்ளைத் தாளைப் புத்தகத்தின் அளவுக்கு வெட்டினான். பவா புத்தகத்தைப் பத்தாம் பக்கத்தில் விரித்துத் தந்தாள். நான் பசை பூசி, தாளை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவினேன். காற்றுக் குமிழி வராமல் இருக்க அப்படி நீவ வேண்டும். ஒட்டியதை மாமி வாங்கி, பழைய பத்திரிகை விரித்த தரையில் காயப்போட்டார்.

கொஞ்ச நேரத்தில் நேசன் சொன்னான்: "நான் வைச்ச தீயை அண்ணாவுக்குக் குடுத்திட்டினம்." கத்தரிக்கோலை நிறுத்தவில்லை. "இருந்திருந்தா அவர்தானே வைச்சிருப்பார். நான் பின்னாலை குடத்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டிருப்பன்."

"நீ நல்லாத்தான் வைச்சனி" என்றார் மாமி.

நேசன் முழங்கையால் முகத்தைத் துடைத்தான். பவா அவனுடைய முதுகில் ஒரு அடி வைத்து, "தாள் கோணுது, ஒழுங்கா வெட்டு" என்றாள்.

நூறு புத்தகத்துக்குப் பிறகு கை தன்பாட்டில் போகும். கண்ணுக்கு வேலை இருக்காது. அதனால் வாசித்துவிடுகிறது. நேற்று பவா நிறுத்திய இடத்துக்கு அடுத்த வரிகள் இவை:

மாளாத் துயரில்நிற்கும் மருமகளை - இனி
வாடாமல் நான்பார்ப்பேன் கலங்காதீர்.

புலவர் யாரோ ஒருவருக்காக யாரையோ நினைத்து எழுதியது. ஓசை சரியாக விழுந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் பசை மட்டையை மேலிருந்து கீழே இழுக்கும்போது முதலில் தலைப்பு நனையும், பிறகு தீயிட்டது, பிறகு இந்த வரிகள், கடைசியாக இலக்கம். தாளை வைத்தால் எல்லாம் வெள்ளை. நான் கேட்டதும் அதைத்தானே. இலக்கமில்லாத பக்கம்.

பின்னேரம் முடிந்தது. அரைச்சட்டி பசை மிஞ்சியது. நேசன்தான் தூக்கிக்கொண்டு போய் வாழையடியில் ஊற்றினான்.

ஓகஸ்ட் 1, வியாழன்

விடிய கீரிமலைக்குப் போய் அந்தியேட்டி முடித்து வந்து, வீட்டில் சபிண்டி, பிறகு சாப்பாடு. ஐயர் பிண்டம் வைக்கும்போது முன்னோரின் பெயர்களைக் கேட்டு வாங்கினார். நேசன் மாமாவின் பெயர், அப்புவின் பெயர், பாட்டனின் பெயர் சொன்னான். "வேறை ஆரேன்?" என்றார் ஐயர். நேசன் என்னைப் பார்த்தான். பிறகு ஐயரைப் பார்த்து, "இல்லை ஐயா. அவ்வளவுதான்" என்றான்.

மாமி கண்ணை மூடிக்கொண்டார்.

மாமாவோடு சங்கக்கடையில் வேலை செய்த ஒரு வயதானவர் சாப்பிட்டுவிட்டு விறாந்தையில் இருந்து புத்தகத்தைப் புரட்டினார். "பிள்ளை, இதிலை ஒரு பக்கம் அச்சு விழேல்லைப் போல கிடக்கு."

"ஓம் ஐயா. விழேல்லை."

பின்னேர வெயில் சாய்வாக வந்தது. பக்கத்துவீட்டுப் பெண் புத்தகத்தை முகத்துக்கு நேரே உயர்த்தி வைத்து வாசித்தாள். வெளிச்சத்தில் ஒட்டிய தாளுக்குள் எழுத்துகள் நிழலாகத் தெரிந்தன. அவள் கவனிக்கவில்லை. நான் எழும்பிப் போய் யன்னலைச் சாத்தினேன்.

மாமி தன் பிரதியை அந்தப் பக்கத்தில் விரித்து மடியில் வைத்திருந்தார். கையை அதன்மேல் குப்புற வைத்தபடியே வந்தவர்களோடு கதைத்தார்.

ஓகஸ்ட் 6, செவ்வாய்

இன்று நேசன் வெளிக்கிட்டான். அனிஷாவுக்கும் தம்பிக்கும் கொண்டுபோகப் புத்தகம் கேட்டான். அலமாரியைத் திறந்து எடுக்கச் சொல்லிவிட்டுக் குசினியில் அவனுக்குப் பருத்தித்துறை வடை கட்டிக்கொண்டிருந்தேன். கன நேரமாக வரவில்லை. போய்ப் பார்த்தால் ஒரு பிரதியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான்.

"அண்ணி, இது ஒட்டாமல் கிடக்கு."

"அதுக்குப் பசை காணாமல் போச்சு" என்றேன்.

நேசன் என்னைப் பார்த்தான். புத்தகத்தை மூடி, என் சேலைகளுக்கு அடியில், எடுத்த இடத்திலேயே வைத்தான். வேறு இரண்டை எடுத்துக்கொண்டான்.

வான் வந்து ஹோன் அடித்தது. படலைவரை போனவன் திரும்பி வந்து, "வாறன் அண்ணி" என்றான். இங்கே போகும்போது அப்படித்தான் சொல்வது. போகிறேன் என்று யாரும் சொல்வதில்லை.

ஓகஸ்ட் 9, வெள்ளி

முழுகிவிட்டுச் சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்மைத் தேடினேன். மாமா அதைக் கோழிக்கூட்டுக்கு மேலே வைத்திருந்தார். மாமி விறாந்தையில் இருந்து கீரை ஆய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"கைபிடியைக் கடைசிவரை இழு. அவர் அப்பிடித்தான்" என்றார் பிறகு.

முன்சில்லில் காற்று நின்றுவிட்டது. பின்சில்லில் வால்வுக்குள் போடும் இறப்பர் காய்ந்து வெடித்திருக்கிறது. அடிக்க அடிக்க வெளியே வருகிறது. நாளைக்குச் சந்திக் கடையில் ஒரு துண்டு வாங்க வேண்டும்.